எட்டில் செவ்வாய்

பீல் நகரில், மட்ரெச் பள்ளிக்கூடத்துக்குக் கீழே
போர் வந்தால் ஒளிந்துகொள்ள
சுவிஸ்காரர் கட்டிவைத்த பதுங்குகுழி.
வராத போருக்கு அரை முழக் கனத்தில் ஒரு கதவு.
வாரத்தில் ஒரு மாலை எங்களுக்கு வாடகைக்குத் தந்தார்கள்.
மாதம் அறுபது பிராங்க்,
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை, இரவு எட்டு மணி.
வேறு பெயர் தோன்றாமல் அதையே குழுவுக்கும் வைத்தோம்.
'செவ்வாய் எட்டு' என்று யூட் நோட்டீஸ் அடித்துவந்தான்.
கோயில் வாசலில் வாங்கிப் பார்த்த ஓர் அம்மா
"எட்டில் செவ்வாயோ?
ஆர் தம்பி உங்களைக் கலியாணத்துக்குக் கூப்பிடுவினம்?" என்றார்.
சரியாகத்தான் சொன்னார்.
இரண்டரை வருசத்தில் ஒரு கலியாணமும் வரவில்லை.

முதல் நாள் அந்தக் கதவை இழுத்துச் சாத்தியதும்
யூட் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே ஓடினான்.
படிக்கட்டில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான்.
மூன்றாவது தீக்குச்சியில்தான் பற்றியது.
நான் பக்கத்தில் நின்றேன், எதுவும் கேட்கவில்லை.
அதன்பிறகு ஒரு செருப்பைக் கதவிடுக்கில் வைத்துத்தான்
எப்போதும் வாசித்தோம்.
அக்ரோனும் காரணம் கேட்டதில்லை.
அவன் கொசோவோவில் பிறந்தவன்.
பெரும்பாலும் அது அவனுடைய செருப்பு.

பகலில் அக்ரோன் தொழிற்சாலையில்
நொடிமுள்ளுக்கு மெருகு போடுகிறவன்,
இரவில் எங்கள் ட்ரம்ஸ்.
ஊரே மணிக்கூடு செய்து பிழைக்கிற இடத்தில்
தாளம் ஓடாத ஒருவன் எங்களுக்குக் கிடைக்கவில்லை.
பல்லவியில் நடப்பான், சரணத்தில் ஓடுவான்,
கடைசியில் எங்களுக்காகக் காத்திருப்பான்.
தர்மினி மைக்கைப் பொத்திக்கொண்டு
"பஸ்ஸுக்கு நேரமாச்சோ அண்ணை?" என்பாள், தமிழில்.
அவனுக்கு விளங்கிய ஒரே தமிழ் வசனம் அது.

நான் பேஸ் கிற்றார்.
வாசிக்கும்போது ஒருவரும் கேட்பதில்லை,
நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எப்படி உடைந்தது என்று கேட்டால்
ஒரு சண்டையைச் சொல்ல ஆசைதான்.
தர்மினிக்கு லோசானில் படிப்பு கிடைத்தது.
யூட்டுக்கு இரவு வேலை.
பள்ளிக்கூடம் செவ்வாயை யோகா வகுப்புக்குக் கொடுத்தது.
வியாழனுக்கு மாறலாமா என்று பேசினோம்.
அது இன்னும் முடிவாகவில்லை.

இதற்கு முன் லீஸில் ஒரு குழு, ஏழு மாதம்.
பிறகு சொலத்தூர்னில் ஒன்று.
அதன் பெயர் மறந்துவிட்டது,
யாருடையதோ ஒரு ஸ்பீக்கர் வயர் மட்டும்
என் வீட்டு அலுமாரியில் சுருண்டு கிடக்கிறது.

கைப்பேசியில் எல்லோரும் இருக்கிறார்கள்.
அக்ரோன் ட்ரம்ஸ். யூட் கீபோர்ட். தர்மினி பாட்டு.
வாத்தியம்தான் தகப்பன் பெயர்;
மற்றப் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை.
யூட்டின் எண்ணில் இப்போது
ஒரு பெண் இத்தாலிய மொழியில் கோபப்படுகிறாள்.
தர்மினிக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் எழுதத் தொடங்கி
'எப்பிடி' வரைக்கும் வந்திருக்கிறேன்.

போன நவம்பர், இரவு பத்தேகால்.
அக்ரோன் ட்ரம்ஸ் அழைப்பதாகத் திரை சொன்னது.
எடுத்தேன். குரல் இல்லை.
சட்டைப்பையின் உரசல், கார் ஓடும் இரைச்சல்,
பின்சீற்றில் ஒரு பிள்ளை பிரெஞ்சில் எதையோ எண்ணுகிறது,
பதினொன்றைத் தவறவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து.
பிறகு சந்தி வந்திருக்க வேண்டும்.
சிக்னல் விளக்கு துடிக்கத் தொடங்கியது,
டிக் டிக் டிக் டிக்,
ஒரு மயிரிழை ஓடாமல்.

அலோ என்று சொல்லியிருக்கலாம்.
அதற்குள் என் விரல்கள் சாப்பாட்டு மேசையில்
முதல் பாட்டின் கீழ்ச்சுரங்களுக்குப் போய்விட்டன.
நாலு ஆவர்த்தனம் இருக்கும்.
அவன் பேசியில் நான் யாராக இருக்கிறேனோ,
அந்த ஆள் வாசித்துக்கொண்டிருந்தான்.

துடிப்பு நின்றது.
அக்ரோன் திரும்பிவிட்டான்,
இடமா வலமா தெரியவில்லை.