ஒன்றுக்கு ஒன்று

கழியப்பனுக்கு முகம் கிடையாது.
முகத்துவாரத்தில் நட்ட ஒரு பனந்தடி,
நாளில் இரண்டு முறை முழுகி
இரண்டு முறை எழும்.
ஆரம்பாக்கத்துக்கு வடக்கே, அக்கரையில்,
அவனுக்கே வேறு பெயர்.
ஏரி நடுவே போகும் எல்லைக்கோடு
மடவை மீனுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது
என்றுதான் நினைத்திருந்தேன்.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள்
தேசப்பன் போன தோணி
அவரில்லாமல் திரும்பியது.
துடுப்பு இருந்தது. சோற்றுத்தூக்கு இருந்தது,
மூடி திறக்காமல்.

பூசாரி எல்லப்பன் என்னைக் கூப்பிடவில்லை,
நான்தான் போனேன்.
அவரைக் கெட்டவர் என்று சொல்ல
இந்தக் குப்பத்தில் ஆள் கிடையாது.
புயல் வருடம் நாற்பது வீட்டு அடுப்பு
அவர் உண்டியலை உடைத்துத்தான் எரிந்தது.
என் மகளின் பள்ளிக்கூடப் பணமும் அதிலிருந்துதான்.
வலையில் ஒரு கண்ணை அறுத்துக் கையில் கொடுத்தார்.
"தடியில கட்டு. 'குடு'ன்னு கேக்காதே.
'மாத்து'ன்னு சொல்லு."
யாரை என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்;
அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் விடியலில்
இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தார்.
காதுக்குள் மணல், உள்ளங்கை வெளுத்து ஊறி.
"பசிக்குது" என்றார்.
அன்று நான் அழுதது சந்தோஷத்தில்தான்,
அதில் கலப்படம் இல்லை.

கலப்படம் பிறகு வந்தது, தூக்கத்தில்.
மீன் விலைக்கு மேல் தெலுங்கு தெரியாத மனுஷன்
"சிட்டெம்மா, சிட்டெம்மா" என்று கூப்பிட்டார்,
பாலைச் சூடாற்றித் தருகிற குரலில்.
ஒரு ராத்திரி தாங்காமல்
"ஏமி நான்னா" என்றேன்.
சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

தடா சந்தையில் எனக்கு எதிர் வரிசை ரவணம்மா.
பத்து வருடமாக ஒரே ஐஸ் பெட்டி, பாதிப் பாதி.
அந்த வாரம் அவள் கடை போடவில்லை.
அடுத்த வாரம் வந்தாள்,
முந்தானையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண்.
"சிட்டெம்மா, தராசைத் தொடாதே."
என் கையிலிருந்த நண்டு நழுவி ஓடியது.

பெஞ்சலய்யாவுக்காக ஒரு வலைக்கண் வேண்டும் என்றாள்.
அவர்கள் கரையில் பூசாரி செத்து வருடமாகிறது.
தேசப்பன் வலையிலிருந்தே அறுத்துக் கொடுத்தேன்.
நல்ல மனசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.
என் கையால் கொடுத்தால்
நாள் எனக்குத் தெரியும்.
அந்த மூன்று நாளும் தேசப்பனுக்குக் காய்ச்சல் என்று
ஊரிடம் சொன்னேன், அவரிடமும் சொன்னேன்.
வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

போனது எல்லப்பன் மகன் தேசிங்கு.
பத்தொன்பது வயது.

அவர் முடிச்சுப் போடவில்லை.
அவர் பெண்சாதி வலையை மடியில் போட்டுக்கொண்டு
ஊர் கேட்கக் கத்தினாள்,
உண்டியலைத் தூக்கி வாசலில் எறிந்தாள்.
அவர் குனிந்து சில்லறையைப் பொறுக்கினார்.
அக்கரையில் எந்த வீடு என்று
அவருக்கு முன்பே தெரியும் என்கிறார்கள்.
சாமி மேல் கோபம் என்கிறார்கள் சிலர்.
நான் போய் உட்கார்ந்தேன், கொடுத்த காபியைக் குடித்தேன்,
கேட்கவில்லை.

பெஞ்சலய்யா வந்துவிட்டான்.
ஐஸ் பெட்டி மறுபடி பாதிப் பாதி.
தேசப்பன் சத்தமில்லாமல் தூங்குகிறார்.

நேற்று ரவணம்மா இறால் உரித்துக்கொண்டே கேட்டாள்:
"எங்க வீட்டுக்காரர் ராத்திரியில தமிழ் பேசறார்.
'தடியைப் பிடுங்கிடுப்பா'ன்னு.
அப்படின்னா என்ன?"

குளிருது, போர்த்திவிடு என்று அர்த்தம் என்றேன்.

போகிற வழியில் ஒரு கம்பளி வாங்கினாள்.
நான்தான் விலை பேசிக் கொடுத்தேன்.