கையெழுத்து

தார்த்துவுக்குப் போக முதலில் படகு.
குய்வாஸ்து துறையில் கார்கள் வரிசையில் நிற்க
பின்னிருக்கையில் தூலி,
மூக்கில் குழாய், கையில் பாதி கடித்த ஆப்பிள்.
காலடியில் ஆக்சிஜன் சிலிண்டர்;
அதற்கு முயல் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

தூலி என்றால் எங்கள் மொழியில் காற்று.
வயிற்றில் இருந்தபோதே முடிவு செய்த பெயர்.
மாற்றிவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன்.
இந்த்ரெக் பதில் சொல்லவில்லை.

இரண்டு வருஷமாகக் குற்றவாளியைத் தேடினேன்.
குளியலறைச் சுவரின் பூஞ்சை.
விறகடுப்பு.
ஏழாம் மாத வயிற்றோடு
தொட்டிலுக்கு நானே மஞ்சள் பெயின்ட் அடித்த சனிக்கிழமை.
ஓர் இரவு அந்தத் தொட்டிலைக் கோடாலியால் பிளந்தேன்.
எரிக்கத் துணிவில்லை, புகை வருமே.
கொட்டகையில் இன்னும் கிடக்கிறது.

தலையெழுத்து என்றால்
நம்மிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.
மூன்று குழாய் ரத்தத்துக்கு ஆறு இடத்தில் கேட்டார்கள்.
'தேடாத ஒன்று தென்பட்டாலும் சொல்லவா?'
ஆம் என்று குறியிட்டேன்.
இந்த்ரெக் பேனாவைத் திறந்தபடி
வெகுநேரம் வைத்திருந்தான்.

ஐந்து மாதம் கழித்து
மருத்துவர் கெர்ஸ்தி ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பினார்.
மூச்சுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும்
வழுவழுப்பான பூச்சு ஒன்று உண்டாம்.
அதன் செய்முறையில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம்.
"அப்பா வழியாக வந்திருக்கிறது."

சொல்லக் கூசுகிறது,
அந்த நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது.
பூஞ்சை இல்லை. பெயின்ட் இல்லை.
நான் இல்லை.

பக்கத்தில் இந்த்ரெக் இருமினான்.
பதினைந்து வருஷமாக ஒரே கட்டிலில் கேட்ட இருமல்,
குவாரித் தூசி என்று இருவரும் நம்பியது.
அன்றுதான் அது என் காதில் விழுந்தது.

"மருந்து?" என்றான்.
"இப்போதைக்குப் பெயர் தெரிந்திருக்கிறது" என்றார் கெர்ஸ்தி,
அவனுக்கும் ஒரு ஸ்கேன் எழுதிக்கொண்டே.

திரும்பும் படகில் தனியாக மேல்தளத்தில் நின்றான்.
பனிக்காற்றில் அவன் வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாய்.
"அப்பா புகை விடுகிறார்" என்று சிரித்த தூலி
கண்ணாடியில் ஊதி
ஒரு முயல் வரைந்தாள்.
வால் போடுவதற்குள் அது மறைந்தது. மறுபடி ஊதினாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தவன்
"என் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு" என்றான்.
"இதயம் என்றார்கள்."
அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி
அதற்குமேல் மூச்சுவிட்டதில்லை.
அவன் கையைப் பிடித்தேன்.
என் கை லேசாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில், மீன் காந்தத்தின் கீழே
ஹூகோவுக்கான படிவம் தொங்குகிறது.
ஒன்பது வயது. ஒரு குறையும் இல்லை.
கையெழுத்துக்கு இரண்டு கோடுகள், இரண்டும் காலி.
பந்து விளையாடிவிட்டு ஓடிவந்து
நின்றபடியே பால் குடிக்கிறான்,
தோள்கள் ஏறி இறங்க.
எண்ணாதே, எண்ணாதே என்று சொல்லிக்கொண்டு
முப்பத்தொன்றுவரை எண்ணிவிட்டேன்.