இருபத்தெட்டு

காலை ஆறு மணிக்குத் தொலைபேசி.
"கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறான்
ஊர்மஸ் கூஸ்க், பனி தள்ளும் வண்டிக்காரன்.
"சீட்டில் இருபத்தெட்டு.
நான் ஓட்டியது இருபத்தைந்து.
மீதி மூன்று கிலோமீட்டரை யார் ஓட்டினார்?"

குறைந்துவிட்டது என்று கூப்பிடுவார்கள்.
கூடிவிட்டது என்று கூப்பிட்டவன்
இந்தக் குளிர்காலத்தில் இவன் ஒருவன்தான்.

லெஹ்தே விளக்கைப் போடுகிறாள்.
வொரு நகரத்துச் சாலைப் பணிமனை. மைனஸ் பத்தொன்பது.
ஏரி எங்கே முடிந்து கரை எங்கே தொடங்குகிறது என்று
சன்னல் சொல்ல மறுக்கிறது.

வண்டிக்குள் இருக்கும் பெட்டி பழையது,
சி மொழி தவிர வேறெதுவும் அதன் காதில் ஏறாது.
நவம்பரில் நூற்று நாற்பது வரி எழுதிக் கொடுத்தாள்:
பணிமனை வேர்,
சந்திகள் கிளை,
கடைசி வீட்டோடு செத்துப்போகும் சாலை இலை.
இவர்கள் வரையும் மரம் தலைகீழாக நிற்கும்,
வேர் வானத்தில்.
அங்கிருந்து கூட்டிக்கொண்டே இறங்கு,
இலை வந்தால் அச்சிடு.
அவ்வளவுதான் வேலை.

நேற்றைய ரசீதின் பின்பக்கத்தில் வரைகிறாள்.
உச்சியில் ஒன்பது.
இடப்பக்கம் மூன்று; அதன் கீழே ஆறும் ஒன்றும்.
வலப்பக்கம் பன்னிரண்டு; அதன் கீழே நான்கு.
ஓடவிடுகிறாள்.
பதினெட்டு, சரி.
பதின்மூன்று, சரி.
இருபத்தெட்டு.

முதலில் தூரப் பட்டியலைச் சந்தேகித்தாள்.
பிறகு சுட்டிகளை,
யாரோ விட்டுப்போன குப்பையோடு கிடக்கும் நினைவிடத்தை.
வரிக்கு வரி ஒரு printf நட்டாள்,
பனியில் வழி தெரிய நடும் கம்பு மாதிரி.
காபி ஆறி, மேலே ஆடை படிந்தது.
எட்டரைக்கு மேலாளர் ஐவார் எட்டிப் பார்த்து
"மூன்றுதானே" என்றார்.

மூன்றுதான். ஆனால் எந்த மூன்று?

அந்த மூன்றை அவளுக்குத் தெரியும்.
பாலத்திலிருந்து கால்லிமே திருப்பம் வரை,
இடப்பக்கக் கிளை.
ஊர்மஸ் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பியதே இல்லை.

இப்போது நிரலை வாசிக்கவில்லை,
கூடவே நடக்கிறாள்.
மொத்தம் என்று ஒரே ஒரு பை, எல்லாருக்கும் பொது.
ஆறைப் போட்ட இலை, திரும்பும்போது ஆறை எடுத்துவிடுகிறது.
ஒன்றைப் போட்ட இலையும் அப்படியே.
கிளையோ
இரண்டு பிள்ளைகளையும் பார்த்துவிட்டு
தன் மூன்றைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு
மேலே ஏறிப் போகிறது.
பன்னிரண்டின் தோளில் அந்தப் பை விழுகிறது.

உச்சியில் இருந்த ஒன்பதும் கழியாமல்தான் கிடந்தது.
இரவானால் பெட்டியை அணைத்துவிடுகிறார்கள்,
அதனால் அது பிடிபடவில்லை.

கூட்டுவதும் பெருக்குவதும்
சாலையில் இருப்பவர்கள் வேலை.
கழிப்பதுதான் அவளுடையது,
அதைத்தான் பாதியில் விட்டிருந்தாள்.
இரண்டு அழைப்புகளுக்கும் கீழே
ஒரே ஒரு வரி.
பதினெட்டு. பதின்மூன்று. இருபத்தைந்து.

நவம்பரிலிருந்து எத்தனை சீட்டு,
எத்தனை வலப்பக்கம், எத்தனை பேர் பேசாமல் இருந்தார்கள் என்று
எண்ணத் தொடங்கி, நிறுத்தி,
அவனை அழைக்கிறாள்.
"யாரும் ஓட்டவில்லை. என் பிழை.
போகும்போது கூட்டியதைத்
திரும்பும்போது கழிக்கவில்லை."

மறுமுனையில் எஞ்சின் இரைகிறது, கத்தி கல்லில் உரசுகிறது.
"திரும்பும்போதா?" என்கிறான்.
"இலையிலிருந்து பணிமனை வரை
இன்னொரு இருபத்தைந்து
நானும்தான் ஓட்டி வருகிறேன்,
அடுத்த பாதியைத் தள்ளிக்கொண்டே.
அதை உங்கள் மரம் எங்கே எழுதுகிறது?"

லெஹ்தே திரையைப் பார்க்கிறாள்.
புதிதாக நட்ட வரியின் முன்னால்
கழித்தல் குறி,
சின்னதாக, நேராக,
இப்போதுதான் பனி தள்ளிய சாலை போல.