நண்டு வளை

வெண்ணாற்றுக் கரையில் ஈரம் கசிகிறதென்று
ஒருமுறை சொன்னவன் நான்.
"நீ என்ன என்ஜினீயரா?" என்றார் பழைய அதிகாரி.
மூன்றாம் நாள் மெமோ வந்தது,
ரோந்து போகவில்லையாம்.
பிறகு ஈரத்தைக் கண்டால்
பனி என்று நினைத்துக்கொள்ளப் பழகினேன்.

மெஹருன்னிசா மேடம்
கொரடாச்சேரிக்கு மாற்றலாகி வந்த வாரம்
ஷட்டர் பதிவேட்டில் ஒரு வரி:
"நேற்று அரையடி கூடுதலாகத் திறக்கச் சொன்னது என் தவறு.
நாற்றங்கால் மூழ்கியது."
கீழே அவர் கையெழுத்து.
அடைக்கலம் இரண்டு தடவை படித்தான்,
அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துவிட்டவன்போல
மெல்ல மூடி வைத்தான்.

ஐப்பசி மழை. இரவு இரண்டு மணி.
ஏழாம் கல்லருகே டார்ச் வெளிச்சத்தில்
கரையோரம் பளபளப்பு.
போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
"ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம் மேடம்..."
"இருங்க, வர்றேன்."

வந்தார். முட்டிவரை சேறு.
குச்சி விட்டுப் பார்த்தார்,
என்னையும் விட்டுப் பார்க்கச் சொன்னார்.
நண்டு வளை இல்லை.
எருமை புரண்ட பள்ளம், மழைத்தண்ணீர்.

எனக்கு வரப்போகும் மெமோவை
மனசுக்குள் வாசிக்கத் தொடங்கியிருந்தேன்.
அவர் ஃபிளாஸ்க் மூடியில்
எனக்கு முதலில் டீ ஊற்றினார்.
பதிவேட்டில் எழுதியது இவ்வளவுதான்:
"மணி 2.10. கசிவோ என ஐயம். உடனே தெரிவித்தார்.
கசிவு இல்லை. நன்றி."

மறுநாள் ராத்திரி அடைக்கலம் கூப்பிட்டான்.
அதுவும் ஒன்றுமில்லை.

தினக்கூலிக்கு வந்து
எட்டே நாளான பையன்
அவர் போட்ட உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு
வாசலில் நின்றான்.
"மேடம், இது தப்புன்னு தோணுது."
நாங்கள் கூரையைப் பார்த்தோம்.

"எந்த இடத்துல?" என்று
நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார்.