பரிசோதகர்

எட்டாம் எண் டிராமை லீஷெனில் ஒப்படைத்துவிட்டு
ஏழாம் மாடிக்கு ஏறி வந்தால்
வரவேற்பறையில் கடல்.
நானூற்று இருபது லிட்டர்.
பிர்னோவிலிருந்து எந்தத் திசையில் போனாலும்
நிஜக் கடல் இன்னொருவர் நாட்டில்தான் இருக்கிறது.
எங்களுக்கு உப்பு வாளியில் வரும்,
மூடியில் அளவுக் கரண்டி ஒட்டி.

மூன்று வருடமாக அதை ஆண்டது
ஊதா நிற டாங் ஒன்று.
பரிசோதகர் என்று பெயர் வைத்தவர் என் கணவர் ஓட்டகார்.
விளக்கு எரிந்ததும் பாறை பாறையாகப் போகும்,
யாரிடம் சீட்டு இல்லை என்று பார்ப்பதுபோல.
வாலடியில் ஓர் உறை.
உறைக்குள் கத்தி.

மஞ்சள் டாங்கை வாங்கி வந்தவள் நான்தான்.
லுபோஷ் கடையை மூடுகிறார், பாதி விலை என்றார்.
வேறு என்ன சொல்ல?
ஒரே உறையில் இரண்டு கத்தி இராது என்று
தெரியாதவளா நான்.
பையைக் கோட்டுக்குள் வைத்து
மார்புச் சூட்டில் கொண்டுவந்தேன்.

கால் மணி நேரம் ஆகவில்லை.
மஞ்சளின் விலாவில் வெள்ளைக் கோடு,
சாக்பீஸால் இழுத்ததுபோல.

துளையிட்ட பெட்டிக்குள் அதைக் காவலில் வைத்தோம்.
கடற்பாசித் தாளை இரு முனையிலும் மாட்டினோம்.
பரிசோதகர் ஒன்றைத் தின்றது,
மற்றதைக் காவல் காத்தது.

அதே வாரம்தான் ஹினெக் வந்தார்,
ஓட்டகாரின் அண்ணன்,
ஒரு சூட்கேஸ், ஒரு ரேடியோ,
இரண்டே வாரம் என்ற ஒரு வாக்கு.
சோஃபா தொட்டிக்குப் பக்கத்தில்.
இவர் ஜன்னலைத் திறப்பார், அவர் மூடுவார்.
நான் இரவுப் பணி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிறகு கண்ணாடி.
ஓட்டகாரின் சவரக் கண்ணாடியை
வெளியிலிருந்து டேப் போட்டு ஒட்டினோம்.
ஒன்பது நாள் பரிசோதகர் தன்னோடு சண்டையிட்டது.
தோற்கவில்லை, இளைத்தது.
எங்களுக்குத் தெரிந்தது
கண்ணாடியின் பழுப்பு முதுகு மட்டும்.
ஓட்டகார் டோஸ்டரில் முகம் பார்த்துச் சவரம் செய்தார்,
தாடையில் வெட்டோடு வேலைக்குப் போனார்.

பத்தாம் நாள் சனிக்கிழமை, நள்ளிரவு,
எல்லா விளக்கும் அணைத்து
பாறைகளை இடம் மாற்றுவதென்று முடிவு.
எல்லை எங்கே என்று மறந்துபோனால்
எதற்காகச் சண்டை என்பதும் மறக்குமாம்.
லுபோஷ் சொன்னது. அவருக்கு இரண்டு விவாகரத்து.

சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சைப் பல்லில் கடித்தபடி ஓட்டகார்.
அதனால் பேச முடியவில்லை.
ஹினெக் முழங்கைவரை நீரில்.
பச்சைப் பவளம் பிடித்திருந்த பாறையை மட்டும்
அண்ணனும் தம்பியும் சேர்ந்து தூக்கினார்கள்:
நழுவினால் ஆறு வருடம் போகும்.
நழுவவில்லை.
கார்ப்பெட் முழுக்க உப்புத் தண்ணீர்.
பெட்டியைத் திறந்து மஞ்சளை இருட்டுக்குள் விட்டேன்.

காலையில் யாருக்கும் விலாசம் தெரியவில்லை.
கோமாளி மீன்கள் இல்லாத வாசலைத் தேடின.
பரிசோதகர் நான்கு தடவை குகைக்குப் போய்
நான்கு தடவையும் கண்ணாடிச் சுவரில் வந்து நின்றது.
மஞ்சள் அதன் பக்கத்தில் வந்தது.
வால் ஒருமுறை விறைத்தது. அவ்வளவுதான்.

நடுக் குகையில் இப்போது நீல டாம்சல்.
மூன்று சென்டிமீட்டர்,
நான் வாங்கியதையே மறந்துபோன மீன்.
கை விட்டால் என் கட்டைவிரலைக் கடிக்கிறது.
பரிசோதகரையும் கடிக்கிறது.

சோஃபாவையும் எதிர்ச் சுவருக்குத் தள்ளினேன்.
ஏன் என்று ஹினெக் கேட்டார். கார்ப்பெட் காயட்டும் என்றேன்.
ஜனவரி முடிகிறது. இன்னும் இங்கேதான் இருக்கிறார்.
ரேடியோ சத்தம் கொஞ்சம் குறைவு,
அல்லது எனக்குப் பழகிவிட்டது.

சவரக் கண்ணாடி குளியலறைக்குத் திரும்பிவிட்டது.
ஓரத்தில் உப்புக் கறை, தேய்த்தும் போகவில்லை.
ஓட்டகார் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து
அதை விட்டுவிட்டுப் பார்க்கிறார்.