இரண்டு கேஜ்கள்

அறுபத்திரண்டு கருவிகள், ஒரே பெட்டி.
மூடியைத் திறந்தால் கருப்பு நுரையில்
ஒவ்வொன்றும் தன் குழியில் படுத்திருக்கிறது.
"இதை வாங்கிப் போடு, ஆயுசுக்கும் கவலையில்லை"
என்கிறான் வெர்ன் ஸ்கோக்லண்ட்.
கிரேட் ஃபால்ஸில் மைனஸ் இருபத்தேழு.
அவன் கடைத் தரையில்
என் பூட்ஸ் உருகிக்கொண்டிருக்கிறது.

பதினோரு வருடமாக எனக்கு
ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இரவு வேலை.
கத்தரி, கவ்வி, எலும்பு உளி
எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி
நீராவியில் வேகவைத்து மேலே அனுப்புவேன்.
நாற்பது போனால் பதினாலுதான்
ரத்தத்தோடு திரும்பும்.
மிச்சம் சும்மா போய்ச் சும்மா வருபவை.
அதனால்,
பெட்டியை மூடு வெர்ன் என்றேன்.

வைஸ் வேண்டும், கனமாக.
என் மேசை என்பது இரண்டு முக்காலியில் கிடத்திய
பழைய குளியலறைக் கதவு.
பூட்டுத் துளை இன்னும் இருக்கிறது,
அதன் வழியே திருகுகள் உருண்டு போகும்.
முதலில் அந்தத் துளையை அடைக்க ஒரு கார்க் எடு என்றான்.
விலை போடவில்லை.

திருப்புளியில் கஞ்சத்தனம் கூடாது.
போன தடவை ஆறு டாலருக்கு வாங்கியது வழுக்கி
திருகின் தலையைக் குதறி
என் கட்டைவிரல் அடியிலும் ஒரு கோடு போட்டது.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
எனக்கு ஆடத் தெரியும்;
கூடமும் கோணல்தான்.

டார்க் ரெஞ்ச் எதற்கு, கைக்கே தெரியும் என்பான்
என் தங்கை புருஷன் கார்த்.
அவன் கைக்குத் தெரிந்ததுதான்
போன நவம்பரில் லிட்டில் பெல்ட் மலையில்
தொலைநோக்கி தளர்ந்து
எல்லா எல்க்குக்கும் தெரிந்தது.
சாவகாசமாக நடந்து போயிற்றாம் ஒன்று.
க்ளிக் என்று சொல்லி நிறுத்தும் ரெஞ்ச் ஒன்று எடுத்தேன்.

கடைசியாக இந்த இரண்டு எஃகுத் துண்டுகள்.
சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
தோட்டா உட்காரும் அறைக்குள் வைத்துப் பார்ப்பது.
ஒன்றின் மேல் போல்ட் மூட வேண்டும்.
மற்றதன் மேல் மூடவே கூடாது.
கண்ணுக்கு இரண்டும் ஒன்று.
வித்தியாசம் ஒரு காகிதத்தின் தடிமன்;
விலையோ வைஸை எட்டிப் பிடிக்கிறது.
"இதை யாரும் வாங்க மாட்டார்கள்.
என்னிடம் இரவல் கேட்பார்கள்,
கேட்காமலும் இருப்பார்கள்" என்றான் வெர்ன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு,
குழலும் சட்டமும் ஒன்று சேர்ந்தன.
முதல் கேஜ்: கைப்பிடி சொன்னபடி விழுந்தது.
இரண்டாவது:
அதற்கும் விழுந்தது,
வெண்ணெயில் கத்தி மாதிரி.

தூசியாக இருக்கும் என்று துடைத்தேன்.
துடைத்ததும் இன்னும் மெதுவாக,
இன்னும் அழகாக மூடியது.

"ஒரு காகிதம்! அதுக்கா இவ்வளவு?
ஒரு தோட்டா போட்டுப் பாரேன்" என்றான் கார்த்,
என் பீரைக் குடித்துக்கொண்டே.

மேலே மூன்றாம் மாடியில்
பஞ்சுத் துணி ஒன்று கணக்கில் குறைந்தால்
வயிற்றைத் தைக்க மாட்டார்கள்.
விடியற்காலை மூன்று மணிக்குக் குப்பைப் பைகளைக் கவிழ்த்து
தேடியிருக்கிறேன்.
டாக்டர் கைகளை உயர்த்தியபடி காத்திருப்பார்.
ஒரு துணி.

கழற்றினேன்.
நட்டை இறுக்கும்போது குழல் மயிரிழை திரும்பிவிடுகிறது.
பிடித்துக்கொண்டு இறுக்கினால் இந்தப் பக்கம்,
பிடிக்காமல் இறுக்கினால் அந்தப் பக்கம்.
இரண்டாம் முறை முதல் கேஜே நுழையவில்லை.
மூன்றாம் முறையைப் பற்றிப் பேச விரும்பவில்லை.
கார்த் வீட்டுக்குப் போய்விட்டான்.
புரொபேன் தீரும் சத்தம் கேட்டது.

நான்காம் முறை
கைப்பிடி பாதி வழியில் நின்றது.
இரண்டே விரலால் அழுத்தினேன்.
மாட்டேன் என்றது.
இன்னொரு முறை கேட்டேன்,
அந்தப் பதிலை மறுபடி கேட்பதற்காகவே.

பதினொன்றுக்கு ஷிஃப்ட்.
கார்க்கைத் தடவிப் பார்த்து விளக்கை அணைத்தேன்.

புதன்கிழமை கார்த் வந்து
டார்க் ரெஞ்சை இரவல் கேட்டான்.
எதற்கென்று அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.