பக்கப் பூட்டு

பின்னேரம் நாலு பத்துக்கு
காணிப் பதிவு அறையின் கணினி விழுந்துவிடும்.
கரண்ட் போவதில்லை. வைரஸும் இல்லை.
துறைமுகத்தில் கப்பல் ஊதுவதாலோ என்று
பஸ்லியா ஒரு கிழமை நேரம் குறித்துக்கூடப் பார்த்தாள்.
இந்தச் சனியனால் அவள்
மூன்று முறை கிண்ணியா பஸ்ஸைத் தவறவிட்டாள்.

விழுந்த இடத்தின் தடயத்தைப் பதினோரு இரவு படித்தேன்.
கேர்னலுக்குள்ளே இரண்டு கைகள்.
ஒன்று, நினைவகத்தில் கிடக்கும் பக்கத்தைத் தூக்கி
வட்டில் எழுதப் போகிறது, ஆறுதலாக.
மற்றது, அதே கோப்பின் வாலை நறுக்குகிறது.
இரண்டிடமும் உத்தரவு உண்டு.
எழுதும் கை எட்டுகையில்
பக்கம் இருந்த இடத்தில்
பக்கம் இல்லை.
இல்லாத முகவரியில் கால்வைத்து
முழு இயந்திரமும் பொத்தென்று.

நேற்று மதியம் கச்சேரி வாசலில்
இராசமலர் அக்கா கையொப்பம் வைத்துக்கொண்டிருக்க
ஒரு புள்ளிமான்
விண்ணப்பத்தைக் கீழிருந்து தின்றது.
பேனை காற்றில் ஒரு கோடு இழுத்தது.
பிழை எங்கே என்று எனக்கு அப்போதே தெரியும்,
என்றாலும் அதன் வாயை
இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

திருத்தம் நாலே வரி.
முதலில் பக்கத்தைப் பூட்டு.
பூட்டுக்குக் காத்திருந்த நேரத்தில்
எதுவும் நடந்திருக்கலாம்,
ஆகவே பூட்டிய பிறகும் கேள்:
இந்தப் பக்கம் இன்னும் இந்தக் கோப்பினுடையதா?
இல்லையென்றால் சண்டை வேண்டாம்,
பூட்டைத் திற,
அடுத்த பக்கத்துக்குப் போ.

இயந்திரத்துக்கு இது காணும்.

அக்காவின் காணி குச்சவெளிப் பக்கம்.
தொண்ணூறில் பூட்டிவிட்டுப் போன வீடு.
திறப்பு இன்னும் கைப்பையில்,
பழைய தைலப் போத்தலோடு உரசிக்கொண்டு.
பூட்டும் இல்லை, அதைத் தாங்கிய கதவும் இல்லை.
படிவத்தின் ஏழாம் கேள்வியும்
அதையேதான் கேட்கிறது,
இன்னும் உங்களுடையதா என்று.
அவரோ அடுத்த பக்கத்துக்குப் போகிற ஆள் இல்லை.

புது விண்ணப்பம், புது ஸ்டாம்பு.
ஸ்கேனரின் பச்சை வெளிச்சம்
உறுதியின் மடிப்புகளில் ஏறி இறங்கியது.
நாலு ஒன்பது. நாலு பத்து.
பஸ்லியா பையைத் தோளில் போட்டபடி
கதவடியில் நின்றாள், மூச்சுவிடாமல்.
நாலு பதினொன்று.

“பதிஞ்சாச்சோ, தம்பி?”

திரை எப்போதோ ஆச்சு என்று சொல்லிவிட்டது.
திரை அப்படித்தான், முந்திச் சொல்லும்.
பெட்டியின் மூலையில்
சின்னச் செம்மஞ்சள் விளக்கு
இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.
“கொஞ்சம் பொறுங்கோ, அக்கா” என்றேன்.